பெட்டியில் 180... திரையில் 60!

கேமிங் மானிட்டர் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சனிக்கிழமை மாலை. சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் கால் வைக்க இடமில்லை. சிபியூவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சர்வீஸ் கடை தேடுபவர்கள், கேபிள் சுருள்களைத் தோளில் மாட்டிய பையன்கள், அத்தனை பேருக்கும் நடுவே ஹார்ன் அடித்தபடி நுழையும் டூவீலர்கள். மாடிப்படி ஏறிப் போகும் ஒரு கடையில் சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே வீடியோ ஓடுகிறது: பவளப்பாறை, வண்ண மீன்கள், வெட்டிய தர்பூசணி.

கல்லூரி முதலாமாண்டு சேர்ந்திருக்கும் பையன் செல்போனில் எழுதி வைத்த பட்டியலைப் பார்த்துக் கேட்கிறான்: "அண்ணா, இது 180 ஹெர்ட்ஸா?"

"180 தம்பி. ஒரு எம்எஸ். எச்டிஆர் இருக்கு. கேமிங்குக்குன்னே வந்த மாடல்."

பக்கத்தில் நிற்கும் அப்பாவின் கவலை வேறு. "இதுல படிக்கிற வேலையும் பார்க்கலாம்ல?"

"தாராளமா சார்."

கேட்டதற்கெல்லாம் பதில் வந்துவிட்டது. வீட்டில் இருக்கும் கணினியில் என்ன கிராபிக்ஸ் கார்டு என்பதை மட்டும் மூவரில் ஒருவரும் பேசவில்லை. மானிட்டர் வாங்கிக் கைசுட்டுக்கொண்டவர்களில் பலருக்குத் தவறு தொடங்குவது இந்த இடத்தில்தான்.

திரையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்குப் படம் அனுப்பும் கார்டு, அதில் ஆடப்போகும் விளையாட்டு, ஆடாத நேரத்தில் அதில் நடக்கும் வேலை, அது நிற்கப்போகும் அறை என்று நான்கும் சேர்ந்துதான் எது நல்ல மானிட்டர் என்று முடிவு செய்கின்றன. பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண்கள் அதற்குப் பிறகுதான்.

மீன் வீடியோ காட்டாதது

கடையில் ஓடும் அந்த வீடியோ நிறத்தைக் காட்டும். வேகத்தைக் காட்டாது. அத்தகைய வீடியோக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 30 அல்லது 60 படங்களாகப் பதிவானவை. 180 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினாலும் 75 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினாலும் மீன் ஒரே மாதிரிதான் நீந்தும்.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. வீடியோவை நிறுத்தச் சொல்லி, ஒரு விண்டோவை மவுஸால் பிடித்து இடமும் வலமுமாக வேகமாக இழுங்கள். 60 ஹெர்ட்ஸில் விண்டோவின் ஓரம் துண்டுதுண்டாகத் தாவும், தலைப்பில் இருக்கும் எழுத்து கலைந்து போகும். 144 அல்லது 180இல் விண்டோ கையோடு ஒட்டிக்கொண்டு வரும். இணைய வசதி இருந்தால் 'டெஸ்ட் யூஎஃப்ஓ' தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். விநாடிக்கு வெவ்வேறு எண்ணிக்கைப் படங்களில் பறக்கும் தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பக்கவாட்டில் ஓடும். அரை நிமிடத்தில் விஷயம் விளங்கிவிடும்.

ஹெர்ட்ஸ் கூடக்கூட லாபம் குறையும்

திரை ஒரு விநாடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே ரிஃப்ரெஷ் ரேட். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கும். 144இல் 6.9 மில்லி விநாடி, 240இல் 4.2, 360இல் 2.8.

இந்த எண்களைக் கழித்துப் பாருங்கள். 60இலிருந்து 144க்குப் போனால் ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய 10 மில்லி விநாடி மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் 2.8தான். 240இலிருந்து 360க்கு 1.4. கண்ணில் பட்டதற்குக் கை எதிர்வினையாற்ற மனிதர்களுக்குச் சுமார் 200 மில்லி விநாடி ஆகிறது என்பதோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். முதல் தாவலை யாரும் உணர்வார்கள். கடைசித் தாவலை, நாள் முழுக்க வேலரன்ட்டோ கவுன்டர் ஸ்ட்ரைக்கோ ஆடிப் போட்டிக்குத் தயாராகும் கைகள் உணரலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவதே நல்லது.

போட்டிக்காரர்களின் தேர்வு இதில் ஒரு பாடம். கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டி மேடைகளில் பல ஆண்டுகளாக நிற்பவை 24 அங்குலத்தை ஒட்டிய 1080பி மானிட்டர்கள். வளைந்த திரையும் இல்லை, 4கேவும் இல்லை. எதிரி எந்த மூலையில் தலைநீட்டினாலும் கழுத்தைத் திருப்பாமல் ஒரே பார்வையில் பட வேண்டும், படம் தாமதமின்றி வர வேண்டும். அவர்களுக்குத் தேவை அவ்வளவுதான். அதற்கு மட்டும்தான் செலவழிக்கிறார்கள்.

உங்கள் கார்டு எத்தனை படம் தரும்?

180 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 180 படங்களைக் காட்டத் தயார். அத்தனை படங்களை வரைந்து அனுப்ப வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. கார்டு 50 படம்தான் வரைகிறது என்றால் மீதித் திறன் சும்மா கிடக்கும்.

ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற நடுத்தரக் கார்டை எடுத்துக்கொள்வோம். நல்ல பிராசசர் துணையிருந்தால் 1080பியில் வேலரன்ட்டை அது விநாடிக்கு 240 படங்களுக்கு மேல் எளிதாக ஓட்டும். அதே கார்டிடம் 4கே திரையைக் கொடுத்து சைபர்பங்க் 2077 விளையாட்டை உயர்ந்த அமைப்பில் போடச் சொன்னால், டிஎல்எஸ்எஸ் போன்ற உதவி இல்லாமல் 60ஐத் தொடாது. கார்டு மாறவில்லை. விளையாட்டும் கனமாகி, திரை கேட்கும் புள்ளிகளும் நான்கு மடங்காகிவிட்டன.

| பெட்டிச் செய்தி: ஒரு படத்துக்கு எத்தனை புள்ளி? |
|---|
| 1080பி (1920 × 1080): 20.7 லட்சம் பிக்சல் |
| 1440பி (2560 × 1440): 36.9 லட்சம் பிக்சல் |
| 4கே (3840 × 2160): 82.9 லட்சம் பிக்சல் |
| ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளிகளைக் கார்டு கணக்கிட வேண்டும். 1080பியிலிருந்து 4கேவுக்குப் போனால் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. |

இதன் பின்விளைவு பர்ஸில் விழும். 4கே மானிட்டர் வாங்கியவர் ஓரிரு மாதத்தில் புதுக் கார்டு தேடுவார். கார்டு வாங்கினால் பழைய எஸ்எம்பிஎஸ் தாங்காது. அதை மாற்றினால் பிராசசர் பின்தங்கும். மானிட்டரில் தொடங்கிய செலவு கணினியையே மாற்றுவதில் போய் நிற்கும். "கேம்ல மட்டும் 1080பிக்கு இறக்கிக்கலாம்" என்பது கடையில் கிடைக்கும் ஆறுதல். 1440பி திரை வாங்கியவருக்கு அதுவும் உதவாது, அதில் 1080பி படம் புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது. ஓரங்கள் மசங்கித்தான் தெரியும்.

ஆனால் மானிட்டர் கார்டைவிட நீண்ட ஆயுள் கொண்டது. ஒரு நல்ல திரை இரண்டு கார்டுகளைப் பார்த்துவிடும். அடுத்த ஆண்டு கார்டை மாற்றுவது உறுதி என்றால் திரையில் ஒரு படி மேலே போகலாம், தவறில்லை. அந்தத் திட்டம் கையில் இருக்கிறதா, ஆசையில் இருக்கிறதா என்பதை வாங்குபவர்தான் சொல்ல வேண்டும்.

கார்டு தரும் படங்களின் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது, திரையும் அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. என்விடியா 2013இல் ஜி-சிங்க் என்றும், ஏஎம்டி 2015இல் ஃப்ரீசிங்க் என்றும் கொண்டுவந்தவை இவை. இது இல்லையென்றால் படம் குறுக்கே கிழிந்தது போலத் தெரியும். 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் ஃப்ரீசிங்க் வகை மானிட்டர்களோடு வேலை செய்கின்றன. எனவே ஜி-சிங்க் சிப்புக்கென்று தனியாகப் பணம் கொடுக்கும் அவசியம் பெரும்பாலோருக்கு இப்போது இல்லை.

'ஒரு எம்எஸ்' என்ற மயக்கம்

இந்தச் சந்தையில் வாங்குபவரை அதிகம் ஏமாற்றும் எண் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: ஒரு மில்லி விநாடி.

ஒரு பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் ரெஸ்பான்ஸ் டைம். அது நீண்டால் ஓடும் உருவத்தின் பின்னால் நிழல் இழுபடும். இதை அளக்க இரண்டு முறைகள் உண்டு. ஜிடிஜி என்பது ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாறும் நேரம். எந்தச் சாம்பலிலிருந்து எந்தச் சாம்பலுக்கு என்பதைத் தேர்ந்தெடுப்பது தயாரிப்பாளர். அகப்பட்டதில் மிக வேகமானதைப் பெட்டிமேல் போட்டுவிடலாம். எம்பிஆர்டி வேறு கணக்கு. பின்னொளியை அணைத்து அணைத்துப் போட்டு, கண்ணுக்குத் தெரியும் மசங்கலைக் குறைத்த பிறகு எடுக்கும் அளவு அது. அந்த வசதியைப் போட்டால் திரை வெளிச்சம் இறங்கிவிடும், பல மாடல்களில் ஃப்ரீசிங்க்கும் கூடவே வேலை செய்யாது.

இன்னொன்றும் நடக்கிறது. மானிட்டர் மெனுவில் 'ஓவர்டிரைவ்' என்று ஒன்று இருக்கும். பிக்சலை வேகமாகத் தள்ளும் அமைப்பு. அதன் உச்ச நிலையில்தான் பெட்டியில் சொன்ன ஒரு மில்லி விநாடி கிடைக்கும். அந்த நிலையில் வைத்து ஒரு கறுப்பு உருவத்தை வெளிர் பின்னணியில் ஓட விட்டுப் பாருங்கள். உருவத்துக்குப் பின்னால் கறுப்பு நிழலுக்குப் பதிலாகப் பளீரென்ற வெள்ளை விளிம்பு ஒன்று தொடர்ந்து வரும். பிக்சல் போக வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதன் அடையாளம் அது. நடு நிலையில் வைத்தவர்களுக்கே படம் நன்றாக இருக்கும்.

ஆகவே பெட்டியில் இருக்கும் எம்எஸ்ஸை விட்டுவிடுங்கள். கருவி வைத்து அளந்து வெளியிடும் ஆர்டிங்ஸ், ஹார்ட்வேர் அன்பாக்ஸ்டு போன்றவர்களின் விமர்சனத்தில் அந்த மாடலின் பெயரைத் தேடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் உள்ளே பேனல் வேறாக இருக்கலாம் என்பதால் மாடல் எண்ணை முழுதாகப் பொருத்திப் பாருங்கள்.

பேனலில் இருக்கிறது குணம்

டிஎன் பேனல் வேகமானது. நிறம் வெளிறும், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் படமே மாறும். இப்போது போட்டிக்காரர்கள் தவிர மற்றவர்கள் அதைத் தேட வேண்டியதில்லை.

ஐபிஎஸ் எல்லா வேலைக்கும் ஒத்து வரும். நிறம் சரியாக இருக்கும், கோணம் மாறினாலும் அதிகம் மாறாது. குறை, கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது. விளக்கணைத்த அறையில் இருட்டுக் காட்சி வந்தால் மூலைகளில் சாம்பல் ஒளி கசியும். ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் பொதுவாக 1000:1 அளவு. விஏ பேனலில் அது 3000:1க்குப் போகும். இருட்டு அறையில் கதை விளையாட்டு ஆடுபவருக்கு விஏ சுகம். ஆனால் விலை குறைந்த விஏ பேனல்களில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாற நேரமெடுக்கும். இருண்ட தாழ்வாரத்தில் எதிரி ஓடினால் அவன் பின்னால் மை தடவியது போல இழுபடும். சுடும் விளையாட்டு ஆடுபவர்களுக்கு அது ஆகாது.

ஓஎல்இடி தனி உலகம். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணையும். கறுப்பு என்றால் கறுப்பு. ரெஸ்பான்ஸ் டைம் உண்மையிலேயே ஒரு மில்லி விநாடிக்கும் கீழே. அரக்கு நிறத்தில் சூரியன் மறையும் ஒரு காட்சியை அதில் பார்த்துவிட்டு ஐபிஎஸ்ஸுக்குத் திரும்பினால் மனம் ஒப்பாது. அந்த ஆசை நியாயமானது.

அதை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் இரண்டு விஷயங்கள். ஒன்று, பர்ன்-இன். விண்டோஸின் டாஸ்க்பார், விளையாட்டின் ஓரத்தில் நிற்கும் வரைபடம் போல அசையாமல் நிற்பவை நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியலாம். தினமும் எட்டு மணி நேரம் கோடிங், எக்செல், இடையில் கொஞ்சம் கேம் என்ற வீட்டில் அந்த ஆபத்து கூடுதல். சில நிறுவனங்கள் பர்ன்-இன்னையும் வாரண்டியில் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் பாருங்கள். இரண்டாவது, வெளிச்சம். க்யூடி-ஓஎல்இடி வகைத் திரையில் அறை வெளிச்சம் பட்டால் கறுப்பு சற்று வெளிறிச் சாம்பலாகத் தெரியும். எதிரே ஜன்னலும் தலைக்கு மேல் ட்யூப்லைட்டும் எரியும் கூடத்தில், பணம் கொடுத்து வாங்கிய கறுப்பு பகலெல்லாம் கண்ணில் படாது.

படிப்புக்கும் அதே திரை

பல வீடுகளில் கேமிங் மானிட்டர் என்பது வீட்டின் ஒரே மானிட்டர். காலையில் ஆன்லைன் வகுப்பு, பிற்பகல் புராஜெக்ட், மாலையில் அப்பாவின் வருமான வரித் தாக்கல், இரவில்தான் விளையாட்டு. கடையில் அந்த அப்பா கேட்ட கேள்விதான் உண்மையில் முக்கியமான கேள்வி.

அதற்குப் பதில் அளவில் இருக்கிறது. 24 அங்குலத்தில் 1080பி என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். எழுத்து தெளிவாக இருக்கும். "பெருசா எடுத்துக்கலாம்" என்று அதே 1080பியை 27 அங்குலத்தில் வாங்கினால் 82 புள்ளிகள்தான். கை நீளத் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் எழுத்தின் ஓரங்களில் படிப்படியாகப் புள்ளி தெரியும், மெல்லிய கோடுகள் நடுங்கும். கேமில் இது உறுத்தாது. 40 பக்கம் பிடிஎஃப் படிக்கும்போது உறுத்தும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 1440பி எடுங்கள், 109 புள்ளிகள் கிடைக்கும். கார்டு அதற்கு ஒத்துழைக்காது என்றால் 24 அங்குலத்திலேயே நிற்பது புத்திசாலித்தனம்.

ஸ்டாண்டையும் பாருங்கள். விலை குறைந்த மாடல்களில் அது மேலும் கீழும் போகாது. திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குனிந்த கழுத்தோடு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். பின்னால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் வெசா துளைகள் இருந்தால் தனியாக ஓர் ஆர்ம் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்கிறது அமெரிக்கக் கண் மருத்துவர்கள் கழகம். அதற்கென்று விற்கும் கண்ணாடியையும் அது பரிந்துரைக்கவில்லை. கண் சோர்வுக்குக் காரணம் வேறு: திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடுகிறது, கண் உலர்ந்து எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் பொருளை, 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள். இது இலவசம்.

ஜிடிஏ 6க்காக வாங்குகிறீர்களா?

இப்போது கடைகளில் அடிக்கடி காதில் விழும் பெயர் இது. ஜிடிஏ 6 விளையாட்டு பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்குத்தான் முதலில் அறிவிக்கப்பட்டது. கன்சோலுக்கு மானிட்டர் வாங்குபவரின் கணக்கு வேறு. கன்சோல் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. 240 ஹெர்ட்ஸ் திரைக்குக் கொடுக்கும் பணம் வீண். பிஎஸ்5இல் டிஸ்ப்ளே போர்ட் கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். அதில் விஆர்ஆர் (முன்பு சொன்ன, படங்களுக்கேற்பத் திரையின் வேகம் மாறும் வசதி) வேலை செய்யவும், 4கேவில் 120 ஹெர்ட்ஸ் வரவும் மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1 வேண்டும். பல கேமிங் மானிட்டர்களில் இருப்பது 2.0. அகலம் கூடிய அல்ட்ராவைடு திரையை பிஎஸ்5 நிரப்பாது, இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் நிற்கும்.

| பெட்டிச் செய்தி: எச்டிஆர் ஸ்டிக்கரை நம்பலாமா? |
|---|
| எச்டிஆர் என்பது ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை. 'எச்டிஆர் 10 சப்போர்ட்' என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். அதற்குரிய ஒளியும் இருளும் திரையில் வரும் என்று பொருளில்லை. |
| 'டிஸ்ப்ளே எச்டிஆர் 400' என்பது வெசா அமைப்பின் ஆரம்பப் படி. பகுதி பகுதியாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதற்குக் கட்டாயமில்லை. |
| எச்டிஆர் வேண்டுமென்றே வாங்குபவர்கள் ஓஎல்இடி அல்லது மினி எல்இடி பக்கம் போக வேண்டும். மற்றவர்கள் இந்த ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். |

வீட்டுக்கு வந்த பிறகு

தலைப்பில் சொன்ன 60 இங்கேதான் வருகிறது. புது மானிட்டரைச் செருகியதும் விண்டோஸ் பல நேரங்களில் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடத் தொடங்கும். யாரும் சொல்லாததால் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். 180க்குப் பணம் கொடுத்துவிட்டு 60ஐப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய இழப்பு! டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே ரிஃப்ரெஷ் ரேட் பட்டியலில் உச்ச எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண்ணே பட்டியலில் இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். வீட்டில் கிடந்த பழைய எச்டிஎம்ஐ கேபிளை எடுத்துவிட்டு, பெட்டியில் வந்த டிஸ்ப்ளே போர்ட் கேபிளைப் போடுங்கள். செருகிய இடத்தையும் கவனியுங்கள். சிபியூவின் பின்புறம் மேலே மதர்போர்டிலும் ஒரு போர்ட் இருக்கும். அதில் செருகிவிட்டு "கார்டு வேலையே செய்யலை" என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. கேபிள் போக வேண்டியது கீழே படுக்கை வசமாக இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டுக்கு.

அடுத்து டெட் பிக்சல். முழுத்திரையாக வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறமாக வைத்து அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். ஒரு புள்ளி செத்துக் கிடந்தால் உடனே மாற்றித் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். இத்தனை புள்ளிவரை குறையாகக் கொள்ள மாட்டோம் என்று பல நிறுவனங்கள் வாரண்டி விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஆன்லைனில் வாங்கினால் கடையின் ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நிறுவனத்தின் விதிதான் செல்லும். பெட்டியைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக, வெட்டாமல் எடுத்து வையுங்கள். திரை உடைந்து வந்தால் உங்கள் பக்கம் பேச அது ஒன்றுதான் இருக்கும்.

பில் கேளுங்கள். "பில் இல்லாம வாங்கினா 18 பெர்சன்ட் மிச்சம் சார்" என்ற பேச்சு வரும். 32 அங்குலம் வரையிலான மானிட்டர்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவிகிதம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 28 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது. அந்த 18ஐ மிச்சம் பிடித்தவருக்கு, இரண்டாம் ஆண்டில் திரையில் கோடு விழுந்தால் வாரண்டி கேட்கக் கையில் தாள் இருக்காது. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மானிட்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் பிஐஎஸ் பதிவு முத்திரையும் இருக்க வேண்டும்.

கடையும் நிறுவனமும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை. வாங்கியது ரிச்சி தெருவிலோ வேறு மாநிலத்து ஆன்லைன் கடையிலோ என்றாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.